பந்தை எடுத்துப் போட மட்டும்தானா?

தம்பி, தங்கைகளே!

மாலை நேரத்தில் மைதானத்தில் கால்பந்து ஆடும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? பந்து கோட்டைத் தாண்டி வெளியே ஓடும். அங்கே ஒரு சிறுமி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பாள். "ஏய் பாப்பா, அந்தப் பந்தை எடுத்துப் போடு!" என்று எல்லோரும் கத்துவார்கள். அவளும் ஓடிப் போய் எடுத்துப் போடுவாள். ஆட்டம் தொடரும். "நீயும் விளையாட வர்றியா?" என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்தச் சிறுமியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். அதற்கு முன்னால், கடல் கடந்து ஜமைக்கா வரை ஒரு நடை போய் வந்துவிடலாமா?

முயல்குட்டி கதீஜா

ஜமைக்கா என்றதும் கிரிக்கெட் பிரியர்களுக்கு கிறிஸ் கெய்லும் கோர்ட்னி வால்ஷும் நினைவுக்கு வருவார்கள். ஓட்டப் பந்தயம் பிடித்தவர்களுக்கு உசைன் போல்ட். மூவருமே அந்த நாட்டுக்காரர்கள்தான். கரீபியன் கடலில் இருக்கும் சின்னத் தீவு அது. மக்கள்தொகை 30 லட்சத்தைக்கூடத் தொடாது.

கிரிக்கெட்டில் பக்கத்துத் தீவுகளோடு சேர்ந்து 'வெஸ்ட் இண்டீஸ்' என்று ஒரே அணியாக ஆடுவார்கள். கால்பந்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு தீவுக்கும் தனித்தனி அணி. ஜமைக்காவில் பிறந்த 'ரெகே' இசையின் பெயரால் அந்த நாட்டு ஆண்கள் அணியை 'ரெகே பாய்ஸ்' என்றும், பெண்கள் அணியை 'ரெகே கேர்ள்ஸ்' என்றும் ரசிகர்கள் செல்லமாக அழைக்கிறார்கள். 1998-ல் பிரான்சில் நடந்த உலகக் கோப்பையில் ஆண்கள் அணி ஆடியது. நாடே துள்ளிக் குதித்தது.

அப்போது அங்கே ஸ்பானிஷ் டவுன் என்ற ஊரில் ஒரு வயதுக் குழந்தையாக இருந்தாள் கதீஜா ஷா. பிறந்தது 1997 ஜனவரி 31-ல். வீட்டில் 13 பிள்ளைகள், அவள்தான் கடைக்குட்டி! கேரட் என்றால் அவளுக்கு உயிர். அதனால் அண்ணன் வைத்த செல்லப்பெயர் 'பன்னி'. சிரிக்காதீர்கள்! ஆங்கிலத்தில் அதற்கு முயல்குட்டி என்று பொருள். நம் காதுக்குத்தான் வேறு மாதிரி கேட்கிறது. அவள் வளர்ந்து பெரிய வீராங்கனை ஆன பிறகும் ரசிகர்கள் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அண்ணன் பந்தைத் தரையில் விடாமல் காலால் தட்டித் தட்டி விளையாடுவதைப் பார்த்து அவளுக்கும் ஆசை வந்தது. அண்ணனே சொல்லிக் கொடுத்தார். பிறகென்ன... தெருப் பையன்களோடு சேர்ந்து ஆட்டம்தான்!

அம்மாவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. படிப்பு கெட்டுவிடுமே என்ற கவலை. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எளிய குடும்பம். படித்தால்தான் பிள்ளை கரையேறும் என்று நினைத்தார். உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள்!

ஆனால், மகளின் ஆட்டத்தை எத்தனை நாள் மறைத்து வைக்க முடியும்? 14 வயதிலேயே நாட்டின் இளையோர் அணிகளில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. தன்னைவிட வயதில் மூத்தவர்களோடு ஆடினாள். அம்மாவின் மனமும் மெல்ல மாறியது.

பூட்டிக் கிடந்த மேல் வகுப்பு

இங்கேதான் ஒரு சிக்கல். இளையோர் அணியில் நன்றாக ஆடினால் அடுத்தது என்ன? பெரியவர்கள் அணிதானே? கதீஜா சிறுமியாக இருந்தபோது ஜமைக்காவில் அந்த அணியே இல்லை! "பெண்கள் அணிக்குச் செலவழிக்கப் பணம் இல்லை" என்று சொல்லி, பல ஆண்டுகள் அணியைக் கலைத்துப் போட்டிருந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறீர்கள். ஆறாம் வகுப்புக்குப் போனால் கதவில் பூட்டுத் தொங்குகிறது. "பையன்களுக்கு மட்டும் வகுப்பு உண்டு, உங்களுக்கு நடத்தப் பணம் இல்லை" என்கிறார்கள். எப்படி இருக்கும்?

2014-ல் ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பையன், பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து அம்மாவிடம் கொடுத்தான். நாட்டின் பெண்கள் கால்பந்து அணிக்கு உதவி கேட்டு அச்சடித்த தாள் அது. அந்த அம்மாவின் பெயர் செடெல்லா மார்லி. உலகப் புகழ்பெற்ற ரெகே பாடகர் பாப் மார்லியின் மகள். பாப் மார்லிக்கும் கால்பந்து என்றால் பைத்தியம்!

"என்ன இது? நாட்டின் அணிக்கு நோட்டீஸ் அடித்துப் பணம் கேட்க வேண்டிய நிலையா?" என்று செடெல்லா விசாரித்தார். உண்மை தெரிந்ததும் சும்மா இருக்கவில்லை. தன் சகோதரர்களோடு சேர்ந்து ஒரு பாட்டுப் பதிவு செய்தார். பொதுமக்களிடம் நிதி திரட்டினார். கலைந்து கிடந்த அணி மறுபடி கூடியது.

அடுத்த ஆண்டே, 2015-ல், 18 வயது கதீஜா அந்த அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு களத்தில் இறங்கினார்.

படிப்பா... விளையாட்டா?

அம்மா பயந்தாரே, படிப்பு என்ன ஆனது? கேளுங்கள். கால்பந்துதான் கதீஜாவைக் கல்லூரிக்கு அனுப்பியது! ஆட்டத் திறமைக்காக உதவித்தொகையோடு அமெரிக்காவில் படிக்க இடம் கிடைத்தது. முதலில் சிறிய கல்லூரி. பிறகு, 2017-ல் டென்னசி பல்கலைக்கழகம். அங்கே 2 பருவங்கள் ஆடினார். 2018-ல், அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிப் பல்கலைக்கழகங்களின் போட்டியில் சிறந்த தாக்குதல் வீராங்கனை என்ற விருது பெற்றார். கூடவே பட்டமும் வாங்கினார். அதன் பிறகுதான் சம்பளம் வாங்கி ஆடும் தொழில்முறை வீராங்கனை ஆனார்.

இந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் சத்தமாக, அப்பா அம்மா காதில் விழும்படி படியுங்கள்!

இவையெல்லாம் சிரித்துக்கொண்டே நடந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வளர்ந்த பகுதியில் கும்பல் சண்டைகளும் துப்பாக்கிச் சத்தமும் உண்டு. அந்த வன்முறையில் மூன்று அண்ணன்களைப் பறிகொடுத்தார் கதீஜா. இன்னொரு அண்ணன் சாலை விபத்தில் போனார். ஒரு வீட்டுக்கு இதைவிடப் பெரிய துயரம் வேண்டுமா? அந்தத் துயரத்தோடுதான் அவர் படித்தார், ஆடினார்.

நெஞ்சு படபடத்த நாள்

2018 அக்டோபர் 17. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஃபிரிஸ்கோ என்ற ஊர். ஜமைக்காவுக்கும் பனாமாவுக்கும் போட்டி. மூன்றாம் இடத்துக்கான ஆட்டம்தான். ஆனால், வெல்லும் அணிக்கு அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில் நேரடி இடம்!

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே கதீஜா ஒரு கோல் போட்டார். இரண்டாம் பாதியில் பனாமா சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் ஜமைக்காவின் ஜோடி பிரவுன் ஒரு கோல் அடித்தார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் பனாமா மறுபடியும் சமன்! 2-2. இனி பெனால்டிதான்.

பெனால்டிக்காகவே மாற்றுக் கோல்கீப்பராக நிகோல் மெக்ளூர் உள்ளே வந்தார். இரண்டு உதைகளைப் பாய்ந்து தடுத்தார். 4-2. ஜமைக்கா வென்றது! பெண்கள் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற முதல் கரீபியன் நாடு என்ற பெருமை கிடைத்தது. நான்கே ஆண்டுகளுக்கு முன்னால் இல்லாமல் இருந்த அணி அது!

அந்த ஆண்டு, இங்கிலாந்தின் 'தி கார்டியன்' நாளிதழ் தனது ஆண்டின் சிறந்த கால்பந்து ஆட்டக்காரர் விருதை கதீஜாவுக்குக் கொடுத்தது. சோதனைகளைத் தாண்டி வந்தவர்கள், பிறருக்கு உதவியவர்கள், நேர்மையாக நடந்துகொண்டவர்கள் போன்றோரைப் பாராட்டும் விருது அது. அப்போது அவருக்கு 21 வயது.

என் கருத்து இதுதான்

இதுபோன்ற கதைகளைச் சொல்லி முடித்ததும் பெரியவர்கள் வழக்கமாக ஒரு வரி சொல்வார்கள்: "பார்த்தாயா? முயற்சி செய்தால் முடியாதது இல்லை. நீயும் முயற்சி செய்!"

அது பொய் இல்லை. ஆனால், பாதி உண்மை என்பது என் கருத்து.

கதீஜா முயற்சி செய்தார். சந்தேகமே இல்லை. ஆனால், பந்தைக் காலில் தட்டிவிட்டு "இந்தா, நீ ஆடு" என்று சொல்ல ஓர் அண்ணன் இருந்தார். மனம் மாறி வழிவிட ஓர் அம்மா இருந்தார். கலைந்து போன அணியைக் கூட்ட ஒரு செடெல்லா வந்தார். இவர்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் என்ன ஆகியிருக்கும்? அதே கதீஜா, அதே கால்கள், அதே முயற்சி. ஆனால், அவர் பெயர் உங்களுக்கும் எனக்கும் தெரிந்திருக்காது. ஸ்பானிஷ் டவுன் தெருவில் எங்கோ ஓர் ஓரமாக நின்று, வெளியே ஓடிவரும் பந்தை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்திருப்பார்.

அந்த அணி கலைந்து கிடந்த ஆண்டுகளில் கதீஜாவைவிட நான்கைந்து வயது மூத்த பெண்கள் எத்தனை பேர் ஜமைக்காவில் இருந்திருப்பார்கள்? அவர்களும் திறமைசாலிகள்தானே? அவர்கள் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. அவர்கள் முயற்சி செய்யாததால் தோற்கவில்லை. ஆட இடம் இல்லாததால் ஆடவே இல்லை. வென்றவரைக் காட்டி "முயற்சி செய்" என்று மட்டும் சொன்னால், இடம் கிடைக்காத பிள்ளைகள் மேலேயே பழியைப் போடுவதாக ஆகிவிடும்.

பையன்களின் கதையைப் பாருங்கள். அதே கரீபியன் பகுதியில் டொபாகோ என்று ஒரு குட்டித் தீவு. 1989-ல் இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா அணி அந்தப் பக்கம் சுற்றுப்பயணம் வந்தது. அங்கே ட்வைட் யார்க் என்ற 17 வயதுப் பையனின் ஆட்டம் அவர்கள் கண்ணில் பட்டது. உடனே இங்கிலாந்துக்கு அழைத்துக்கொண்டார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1999-ல், மான்செஸ்டர் யுனைடெட் அணி ஒரே பருவத்தில் 3 பெரிய கோப்பைகளை வென்றபோது அந்த அணியின் முக்கிய வீரர் அவர்தான். யார்க்கும் கஷ்டப்பட்டு வந்தவர்தான். ஆனால், அவர் ஆட ஓர் அணி இருந்தது. பார்த்து அழைத்துப் போக ஆட்களும் கடல் தாண்டி வந்தார்கள். கதீஜாவுக்கு அணியே இல்லை. இரண்டும் ஒன்றா?

"பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்?"

சிலர் கேட்பார்கள்: "பெண்கள் ஆடினால் கூட்டம் வராது. கூட்டம் வராவிட்டால் பணம் வராது. பிறகு எப்படி அணி நடத்துவது?"

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1920-ம் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் ஒரு பெண்கள் ஆட்டம். பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 53 ஆயிரம்! தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள் சேர்ந்து தொடங்கிய 'டிக் கெர் லேடீஸ்' என்ற அணி அன்று ஆடியது.

அடுத்த ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் என்ன செய்தது? கைதட்டியதா? இல்லை. "கால்பந்து பெண்களுக்கு ஏற்ற ஆட்டம் இல்லை" என்று சொல்லி, தன் கீழிருந்த மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. ஏறத்தாழ 50 ஆண்டுகள் அந்தத் தடை நீடித்தது. மைதானத்தைப் பூட்டிவிட்டு, "பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டமே இல்லையே" என்று சொன்னால் அது எந்த ஊர் நியாயம்?

அதே இங்கிலாந்துக்குத்தான் பின்னாளில் கதீஜா போனார். முதலில், 2019-ல் பிரான்சின் போர்டோ அணி. அங்கே 2020-21 பருவத்தில் 22 கோல்கள் அடித்து, லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் ஆனார். 2021-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி அணி. 2023-24 பருவத்தில் அங்கேயும் 21 கோல்கள், அங்கேயும் முதலிடம்! ஜமைக்காவுக்காக ஆண்கள், பெண்கள் இரு தரப்பையும் சேர்த்துப் பார்த்தாலும் மிக அதிக கோல் அடித்தவர் அவர்தான்.

தோற்றதும் கற்றதும்

2019-ல் பிரான்சில் நடந்த உலகக் கோப்பையில் ஜமைக்கா என்ன செய்தது? மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. பிரேசிலிடம் 0-3, இத்தாலியிடம் 0-5, ஆஸ்திரேலியாவிடம் 1-4. அந்த ஒரே கோலை அடித்தவர் ஹவானா சொலான். "இதற்குத்தான் இத்தனை பாடா?" என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

இடம் கொடுத்த அன்றே கோப்பை கேட்கக் கூடாது. விதை போட்ட அன்றே காய் பறிக்க முடியுமா? 2023 உலகக் கோப்பையில் அதே ஜமைக்கா பிரான்சை 0-0 என்று நிறுத்தியது. பனாமாவை 1-0 என்று வென்றது. பிரேசிலையும் 0-0 என்று மடக்கியது. முதல் சுற்றில் ஒரு கோல்கூட விடவில்லை! கடைசி 16 அணிகளில் ஒன்றாக அடுத்த சுற்றுக்கும் போனது. நான்கு ஆண்டுகளுக்கு முன் 12 கோல் வாங்கிய அணி அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த உலகக் கோப்பைக்குப் போகும் முன்பும் பயிற்சி, பயணம், சாப்பாடு ஆகியவற்றுக்குச் சரியான ஏற்பாடு இல்லை என்று கதீஜாவும் தோழிகளும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. மறுபடியும் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். ஆக, ஒரு தடவை இடம் கொடுத்தால் போதாது. மறுபடியும் பறித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

"நாங்கள் சின்னப் பிள்ளைகள், எங்களால் என்ன முடியும்?" என்று கேட்பீர்கள். துண்டுத் தாளைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்த பையனை மறந்துவிட்டீர்களா? அவன் பணம் கொடுக்கவில்லை, கோல் அடிக்கவில்லை. தாளைக் கசக்கி எறியாமல் வீடு வரை கொண்டுவந்தான். அவ்வளவுதான்!

தம்பிகளே, உங்களிடம் இருப்பது பந்தும் மைதானமும். மைதானம் முழுவதையும் உங்களுடையது என்று நினைக்காதீர்கள். "பொண்ணுங்களுக்கு அடிபடும்" என்று சாக்குச் சொல்லாதீர்கள். அடிபட்டால் உங்களுக்கும்தான் வலிக்கிறது. நாளைக்கே மறுபடி ஆட வருகிறீர்கள். புதிதாக வருபவள் முதல் நாள் பந்தைத் தவறவிட்டால் சிரிக்காதீர்கள். நீங்களும் ஒரு நாள் தவறவிட்டவர்கள்தான்.

தங்கைகளே, யாராவது கூப்பிடட்டும் என்று கோட்டுக்கு வெளியே காத்திருக்காதீர்கள். "நானும் வர்றேன்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒருத்தியாகக் கேட்கத் தயக்கமா? தோழிகளைச் சேர்த்துக்கொண்டு நான்கு பேராகக் கேளுங்கள். விளையாட்டு ஆசிரியரிடம் போய், "எங்களுக்கும் ஒரு பந்து, வாரத்தில் இரண்டு நாள் மைதானம் வேண்டும் சார்" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

எல்லோரும் கதீஜா ஆக முடியாது. ஆக வேண்டியதும் இல்லை. சும்மா ஓடி, வியர்த்து, சிரித்து, வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டால் போதும். அந்தச் சந்தோஷம் பாதிப் பேருக்கு மட்டும் என்று யார் எழுதி வைத்தது?

நாளை மாலை பந்து கோட்டைத் தாண்டி ஓடும். அந்தச் சிறுமி எடுத்துக்கொண்டு நிற்பாள். "இங்கே போடு" என்று கத்தாதீர்கள்.

"நீயே உதைச்சுக்கிட்டு உள்ளே வா" என்று சொல்லுங்கள்.